எட்டுக்கு ஒன்பது

வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து
மேகம் எத்தனை பங்கு என்று எழுத வேண்டும்.
பாதி என்றால் நான்கு.
முழுக்க மூடியிருந்தால் எட்டு.
வானம் இருக்கிறதா என்றே தெரியாவிட்டால்
ஒன்பது.
போன மாதம் இருபத்து மூன்று நாள்
ஒன்பதுதான் எழுதினேன்.

கீழே புஷ்டேனி ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்த்து
மலைமேல் மேகம் குந்தியிருக்கிறது என்பார்கள்.
அந்த மேகத்துக்குள்தான்
நெகுலாய் வெங்காயம் நறுக்குகிறான்.
நான் காலுறை காயப்போடுகிறேன்.
வாளிப் பனி உருகி
அரை வாளித் தண்ணீர்கூட ஆகவில்லை.

இந்தச் சிகரத்தின் பெயர் ஓமு.
எங்கள் மொழியில் மனிதன் என்று அர்த்தம்.
உச்சியில் ஒரு பாறை தனியாக நிற்பதைப் பார்த்து
எவனோ வைத்துவிட்டுப் போன பெயர்.
வானொலியில் ஊர் ஊராக வாசித்து முடித்துக்
கடைசியில் எங்களிடம் வருவார்கள்:
மனிதனில் மூடுபனி.
மனிதனில் பலத்த காற்று, வடமேற்கிலிருந்து.
முதல் குளிர்காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன்.
இது ஐந்தாவது.

மணிக்கொரு தரம் வெளியே போக வேண்டும்.
இடுப்பில் கயிறு, கையில் மரச் சுத்தியல்.
காற்றுமானியில் ஒட்டிய பனியைத் தட்டி உதிர்க்க வேண்டும்.
அது காற்றுக்கு ஒதுங்கி வளர்வதில்லை,
வரும் திசையைப் பார்த்தே நீள்கிறது,
அடிக்கிறவனிடம் கை நீட்டுகிற மாதிரி.
வெப்பமானிப் பெட்டியைத் திறந்ததும்
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
இல்லையென்றால்
என் மூச்சளவுக்கு மலை சூடாகிவிடும்,
ஏட்டில்.

பிப்ரவரி பதினொன்று, அதிகாலை மூன்று மணி.
நெகுலாய் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தான்.
கதவைத் தள்ளினேன்.
மறுபக்கமிருந்து காற்றும் தள்ளியது.
இரண்டாம் முறை நான் தள்ளவில்லை.

அடுப்போரம் உட்கார்ந்து
ஒரு மணிக்கு என்ன, இரண்டு மணிக்கு என்ன
என்று பார்த்து
அடுத்த எண்ணை நானே எழுதினேன்:
மைனஸ் பதினாறு புள்ளி ஐந்து.
அனுப்பினேன்.

போய்விட்டது.
புக்காரெஸ்டுக்குப் போய், அங்கிருந்து எங்கெங்கோ.
எந்த நாட்டிலோ ஒரு கணினி
அதன்மேல் சாய்ந்துகொண்டு
நாளைய மழையைக் கட்டத் தொடங்கியிருக்கும்.

தேநீர் தொண்டைக்குள் இறங்கவில்லை.
மூன்று இருபதுக்குக் கோட்டை மாட்டினேன்.
இந்த முறை தோளைக் கொடுத்தேன், கதவு விட்டது.
தவழ்ந்து போனேன்.
பெட்டியைத் திறந்து, டார்ச்சை அடித்து,
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

மைனஸ் பதினாறு புள்ளி ஐந்து.

தப்பாக இருந்திருந்தால் திருத்தி அனுப்பியிருப்பேன்.
அதற்கென்று ஒரு குறியீடு உண்டு.
சரியாகப் போன பொய்க்கு
கையேட்டில் பக்கமே கிடையாது.
புரட்டிப் பார்த்தேன், உண்மையாகவே,
கையுறையைக்கூடக் கழற்றாமல்.

காலையில் நெகுலாய் கேட்டான்:
"ஸெனோவியா, ராத்திரி வெளியே போனாயா?"
"போனேன்."
ஏட்டைப் பார்த்தான்.
கொக்கியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தான்.
"வெங்காயம் தீர்ந்துவிட்டது" என்றான்.

ஏழு மணிக்கு ஜன்னலில் திடீரென்று நீலம்.
கீழே பள்ளத்தாக்குகள் எல்லாம் பாலாகக் கிடக்க
மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை.
எட்டில் பூஜ்யம்.
உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது,
குழந்தைகூட எழுதிவிடும்.
ஆனாலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே போய்
நான்கு திசையும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு
வந்துதான் எழுதினேன்.

உள்ளே வானொலி
மூன்று மணிக் கணக்கை அப்போதுதான் வாசித்தது.
மனிதனில் மைனஸ் பதினாறு புள்ளி ஐந்து.
மனிதனில் வானம் தெரியவில்லை.

நெகுலாய் சத்தத்தைக் குறைத்தான்.
அவன் காய்ச்சல் இறங்கியிருந்தது.
எவ்வளவு என்று
நாங்கள் அளக்கவில்லை.